இடது பக்கம் ஒரு பட்டை கூடுதல்

பட்டை மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் "என்ன ரிப்பேர்?" என்று அவர் கேட்க மாட்டார். "யாரு ஏறுவா? எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்.

லாரி, வேன், ஜீப் எதுவானாலும் அச்சுக்கு மேலே வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வண்டியின் பாரம் முழுக்க அந்தக் கட்டுகளின் மேல்தான். ஒரு பக்கத்துக் கட்டு தளர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். அதை நிமிர்த்துவதுதான் மேஸ்திரியின் வேலை. நாற்பது வருஷமாக அதை மட்டுமே செய்தார். என்ஜினைத் தொட மாட்டார். "அதுக்கு வேற டாக்டர்" என்பார்.

வெறும் வண்டி நேராக நிற்பதை அவர் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை.

"வெறும் வண்டி நேரா நின்னா கண்காட்சிக்கு வைக்கலாம். ஆள் ஏறினப்புறம் நேரா நிக்கணும். அதுக்குத்தான் கட்டுறோம்."

எப்போதும் வலப்பக்கம் சாயும் ஒரு வேனைப் பல பட்டறைகளில் காட்டி அலுத்துப்போய் ஒருவர் இவரிடம் கொண்டுவந்தார். மேஸ்திரி வண்டியைப் பார்க்கவில்லை, ஓட்டுநரைப் பார்த்தார். வலப்பக்கம் ஒரு பட்டை சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார். "வயித்தக் குறைச்சிக்கங்கன்னு சொன்னா கேக்கப்போறாரா? இது சுலபம்" என்றார் பிறகு.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் சிமெண்டு போட்ட முற்றம். முற்றத்தில் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பழைய ஜீப் நிற்கும். நான் அந்த வீட்டுக்குப் போனது ஜீப்பில் ஏறுகிறவனுக்காக.

மேஸ்திரியின் ஒரே மகன். எனக்கு அவன் நோயாளியாக வந்தபோது இருபது வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டே போகிற நோய். ஒன்பது வயதில் கால்கள் நின்றுபோயின. நான் போனபோது முழங்கைக்குக் கீழேதான் ஏதோ அசைவு இருந்தது. படுக்கையில் இருப்பவர்களைத் தூக்க, திருப்ப, கழுவ, ஊட்ட முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். பதினொரு வருஷம் அவனைத் தூக்கினேன். என் இடுப்பு இன்று இருக்கிற நிலைக்கு அவனும் ஒரு காரணம்.

வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பகல் முழுக்கப் பட்டறை ஓரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்பாவை விரட்டுவான். "அப்பா, அந்த போல்ட்டு அழுவுது பாருங்க, இன்னும் ஒரு சுத்து" என்பான். புதிதாக வந்த லாரிக்காரர் ஒருவர், "என்ன தம்பி, வேலையே செய்யாம உக்காந்து அதிகாரம் பண்ற?" என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் கால்களைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் மேனேஜருங்க. நீங்க எந்த ஆபீஸ்ல வேணா போய்ப் பாருங்க, மேனேஜருன்னா இப்படித்தான் இருப்பாரு" என்றான் அவன்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் மேனேஜர்தான். அம்மாவுக்குக்கூட.

ஜீப் அவனைவிட வயதில் மூத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், கல் எதற்கும் அசராது. "ரோடு இருக்கிற இடத்துக்கு என் நாற்காலியே போகும். ரோடு இல்லாத இடத்துக்குத்தான் எனக்கு வண்டி வேணும்" என்று அவன் சொன்னதால் மேஸ்திரி அதைத் தேடிப் பிடித்து வாங்கினாராம். இடது முன்சீட்டுக்கு இரண்டு இடுப்புப் பட்டையும், நாற்காலியிலிருந்து அவனைச் சறுக்கி ஏற்ற ஒரு வழவழப்பான பலகையும் செய்துவைத்திருந்தார். பலகை முதல் தரம். மருத்துவமனைகளில்கூட நான் அவ்வளவு நல்லதைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வரும் கிளம்புவோம். பின்னால் நானும் அவன் அம்மாவும் சாமான்களோடு குலுங்கிக்கொண்டு போவோம். கல்குவாரியைத் தாண்டி, பாதை முடிந்து, அதற்கு மேலும் போவோம்.

அப்போது மேனேஜர் எண்பது கிலோ. அவன் ஏறினால் ஜீப் இடப்பக்கம் சாய்ந்தது. மேஸ்திரி பின்சக்கரத்தின் இடது கட்டில் இரண்டு பட்டைகளைச் சேர்த்தார். வலது பக்கம் ஒன்பது, இடது பக்கம் பதினொன்று. அவன் உட்கார்ந்தால் வண்டி தராசு முள் மாதிரி நின்றது. தரையிலிருந்து இடது மட்கார்டு விளிம்புவரை ஒரு குச்சியை நிறுத்தி, அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும் முன் அந்தக் குச்சியைப் பிடித்துப் பார்ப்பார்.

"அப்பா, மேனேஜர் எங்க நிக்கிறாரு?"

"கோட்டுலதான்."

இது இல்லாமல் வண்டி நகராது.

அவன் இறங்கிவிட்டால் ஜீப்பின் இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். தெருவில் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன மேஸ்திரி, ஊர் வண்டியெல்லாம் நிமித்துறீங்க, உங்க வண்டி கோணிக்கிட்டு நிக்குதே!" என்பார்கள்.

"முதலாளி இன்னும் ஏறலைங்க" என்பார் மேஸ்திரி.

எடை பார்ப்பது என் வேலை. நிற்க முடியாதவனை எப்படி எடை போடுவது? பக்கத்திலிருந்த பழைய இரும்புக் கடைத் தராசில் நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்துக்கொள்வேன். மாதம் ஒரு தடவை. "இரும்பு இன்னைக்கு என்ன ரேட்டு? என்னையும் சேத்துப் போட்டா என்ன தேறும்?" என்று கடைக்காரரைக் கலாய்ப்பான். பிறகு அந்தக் கடை வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான் அளவு நாடாவால் அவன் மேற்கையின் சுற்றளவை எடுத்து நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். நாடாவில் எண்தான் தெரியும், கிலோ தெரியாது. அவனும் கேட்கவில்லை.

முப்பது வயதுக்குப் பிறகு விழுங்குவது சிரமமாயிற்று. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாதி உள்ளே போகும். நாடா மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போனது. எனக்கு அது எங்கே போகும் என்று தெரியும். டாக்டருக்குத் தெரியும். மேஸ்திரியிடம் நான் சொல்வதற்கு முன்பே அவருக்கும் தெரிந்துவிட்டது. ஜீப் சொல்லிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குச்சியை நிறுத்தினார். மட்கார்டு கோட்டுக்கு மேலே நின்றது. பட்டறைக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். இரண்டு நூல் மேலே இருந்தது.

"அப்பா, மேனேஜர் எங்க நிக்கிறாரு?"

மேஸ்திரி இருமினார். டயரைத் தட்டினார். "காத்து அதிகம்டா. எறக்கணும்" என்றார். கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மனிதருக்கு அளவில் பொய் சொல்ல வராது. மற்ற எதில் வேண்டுமானாலும் சொல்வார், சொல்லவும் கேட்டிருக்கிறேன். அளவில் வராது. அதனால் அந்தப் புதன்கிழமை, மகனை நான் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஜீப்பைத் தூக்கி நிறுத்தி இடது கட்டில் சேர்த்த இரண்டு பட்டைகளில் மெல்லியதைக் கழற்றிவிட்டார். அடுத்த ஞாயிறு மட்கார்டு கோட்டில் வந்து நின்றது.

"மேனேஜர் எங்க நிக்கிறாரு?"

"கோட்டுலதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அன்று மாலை மேனேஜரை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், பத்துதான் இருக்கு."

"என்ன பத்து?"

"பட்டை. போன வாரம் பதினொண்ணு இருந்துச்சு. நாற்காலியில உக்காந்தா என் கண்ணுக்கு நேரா இருக்கிறது அது ஒண்ணுதானே. எண்ணாம என்ன பண்ணுவேன்?"

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

"எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்காரு."

"சொல்ல மாட்டேன்."

"நான் கேக்குறத நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா கண்டுபிடிச்சிடுவாரு. மேனேஜருக்கு இது ஒரு கூடுதல் வேலை" என்றான். சம்பளம் உண்டா என்று கேட்டேன். இல்லையாம்.

எங்கள் தொழிலில் நோயாளி ரகசியமாகச் சொன்னது வெளியே போகக் கூடாது. பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

எடை மேலும் இறங்கியது. மேஸ்திரியும் மிச்சமிருந்த கூடுதல் பட்டையைக் கழற்றி, வளைவைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குறைத்துத் திரும்பக் கட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, எப்போதும் குளிக்கும் நேரத்தில். குளியலறைக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். "இன்னும் ரெண்டு அடி தேவைப்படும்" என்பான். இரண்டு அடி விழும். ஞாயிற்றுக்கிழமை அதே குரலில் கேட்பான். அவர் அதே குரலில் பதில் சொல்வார். முப்பத்தோரு ஞாயிறு.

பிறகு சளி பிடித்தது. இரும ஆற்றல் இல்லாதவர்களுக்குச் சளி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்பதாவது நாள் காலை, அம்மா கையைப் பிடித்திருக்க, அப்பா காலைப் பிடித்திருக்க, போய்விட்டான். செய்ய வேண்டியதை நானே செய்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்தம்மா எனக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், ஒரு நடை வந்துட்டுப் போங்க. இவருக்கு என்னமோ ஆயிடுச்சு."

"காய்ச்சலா?"

"ஜீப்பு."

போனேன். அந்தம்மா என்னைச் சமையலறை ஜன்னலுக்கு அழைத்துப்போய் நிறுத்தினார். வெளியே ஜீப் நின்றது. இடப்பக்கம் தூக்கி, வலப்பக்கம் தாழ்ந்து.

"பாருங்க. அவன் இப்பதான் எறங்கிப் போன மாதிரி நிக்குது. காலையில அடுப்பு பத்த வைக்கும்போது பாக்குறேன். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி உள்ள பாக்குறேன் சிஸ்டர், வந்துட்டானான்னு. நேரா நிக்க வைங்க, இல்ல எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். செய்றேன் செய்றேன்னு ரெண்டரை மாசம் ஆச்சு."

"என்ன செய்றாரு?"

"அதையேன் கேக்குறீங்க! டயர் மேல பழி. ரப்பர் புஷ்ஷு மேல பழி. வண்டிச் சட்டம் முறுக்கிக்கிச்சுங்கிறாரு. போன வாரம் தரை மேல பழி. முத்தம் பூரா தண்ணியக் கொட்டி வாட்டம் பாத்தாரு. தரை சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் துடைக்கிற வேலை மிச்சம்."

மேஸ்திரி முற்றத்தில் ஜீப்பின் பக்கத்தில் குந்தியிருந்தார். நான்கு டயரையும் இடம் மாற்றியிருந்தார். புஷ்களும் பட்டையைச் சட்டத்தோடு இணைக்கிற தொங்கல்களும் புதிதாகப் பளபளத்தன. இடது பின்சக்கரத்துக்கு மேலிருந்த பட்டைக் கட்டை மட்டும் யாரும் தொடவில்லை. போல்ட்டுகளில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். பத்து.

"வாங்க சிஸ்டர். ஒண்ணும் பிடிபடல."

"மேஸ்திரி, இடது பக்கம் ஒண்ணு கூடுதலா இருக்கு. கழட்டுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், தொழில் தெரியாதவரைப் பார்ப்பது போல.

"கழட்டலாம். கழட்டிட்டா, அவன் ஏறினா சாஞ்சிடுமே."

சொல்லிவிட்டார். சொன்னது அவர் காதிலேயே விழ ஒரு நிமிஷம் பிடித்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். கீழே வைப்பதற்கு அவ்வளவு நேரம் எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

பிறகு பேச ஆரம்பித்தார். பட்டையைக் கழற்றியது, தட்டிக் குறைத்தது எல்லாவற்றையும் சொன்னார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏமாத்திட்டேன் சிஸ்டர். நாற்பது வருஷம் ஒருத்தனுக்கும் அளவு மாத்திச் சொன்னதில்ல. பெத்த பிள்ளைய ஏமாத்திட்டேன். கோட்டுலதான் நிக்கிறோம்னு நம்பிட்டே இருந்தான். போகப்போறோம்னு தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பான். ஏதாவது கேட்டிருப்பான். அத வாங்காம விட்டுட்டேனே."

இரவில் தூங்குகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். சாப்பாடு? தலையை ஆட்டினார். எடை எடுக்காமலே தெரிந்தது; ஆறு ஏழு கிலோ போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த மருந்து ஒன்று இருந்தது. அவன் போய்விட்டான், இருப்பவருக்கு அது உதவட்டும் என்று நினைத்தேன்.

"நீங்க ஏமாத்தல மேஸ்திரி. அவனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பட்டைய எண்ணிட்டான். பதினொண்ணு பத்தாச்சுன்னு என்கிட்ட சொன்னான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னான்."

"எப்ப?"

"நீங்க கழட்டின அந்த வாரத்து ஞாயித்துக்கிழமையே."

அவருக்குப் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை, இன்னொரு கை, மறுபடி முதல் கை.

"முப்பத்தோரு வாரம்" என்றார். "ஒவ்வொரு வாரமும் கேட்டானே சிஸ்டர். சிரிச்சிக்கிட்டே கேட்டானே. அப்ப, எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு, நான் பக்கத்துலயே இருந்தும், தனியா இருந்திருக்கான்."

முப்பது வருஷத் தொழிலில் ஒரு நோயாளிக்கும் நான் மருந்தை மாற்றிக் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தேன். கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது நல்லதல்ல, ஆனாலும் உட்கார்ந்தேன். அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான் அவர் முதுகில் கையை வைத்திருந்தேன். அதற்கு மேல் செய்யப் பயிற்சியில் எதுவும் இல்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தார். ஜாக்கியை எடுத்துவந்து சட்டத்துக்கு அடியில் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றினார். கட்டின் இருபுறமும் இருந்த போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு, அது ஊறும்வரை நின்றார். பிறகு ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். பட்டைகளைக் கோத்து நிறுத்துகிற நடு ஆணியை உருவினார். கூடுதல் பட்டையை வெளியே எடுத்தபோது அதன் மேல் முழுக்கச் சுத்தியல் அடிகளின் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவர் எண்ணத் தொடங்கினார்.

"வேணாம் மேஸ்திரி" என்றேன்.

எண்ணுவதை நிறுத்தினார். சுவர் ஓரமாகச் சாய்த்துவைத்தார். ஒன்பது பட்டைகளையும் அடுக்கி, ஆணி கோத்து, இறுக்கினார். சக்கரத்தை மாட்டினார். ஜாக்கியை இறக்கினார்.

ஜீப் இறங்கி நின்றது. நேராக. சந்தைக்கு வந்த எந்த வண்டியும் நிற்கிற மாதிரி.

அந்தம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கு என்று சொல்வார் என நினைத்தேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு வெளியே வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஜீப்பை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"இது யாரும் எறங்கின மாதிரியும் இல்ல. யாரும் வரப்போற மாதிரியும் இல்ல" என்றார்.

"திரும்பப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார் மேஸ்திரி. உடனே போடத் தயாராக இருந்தார். கை ஏற்கனவே ஜாக்கிமேல் இருந்தது.

"வேணாம். விடுங்க."

அந்தம்மா இடது முன்சீட்டின் பக்கம் போனார். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததில்லை. எப்போதும் பின்னால்தான், என்னோடு. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் கை கொடுத்தேன். உட்கார்ந்து, மகனுக்காகத் தைத்திருந்த இடுப்புப் பட்டைகளை இரண்டு பக்கமும் தள்ளி விட்டுக்கொண்டார். ஜீப் மெல்ல இடப்பக்கம் தாழ்ந்தது.

மேஸ்திரி உள்ளே போய்க் குச்சியை எடுத்துவந்தார். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. மட்கார்டுக்கு நேரே நிறுத்தினார். குனிந்தார்.

"எங்க நிக்குது?" என்று கேட்டார் அந்தம்மா.

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சரியாகப் படிக்க வேண்டுமே.

"கோட்டுல இல்ல" என்றார். "மூணு நூல் கீழ."